தீபாவளிக்கு எடுத்த பெரிய பிளான், பங்குனில எறங்க முடியுமா?

கேள்வி (கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கேன்):

"தம்பி, நாங்க பள்ளத்தூர்ல வீட்லயே பலகாரம் போட்டு விக்கிறோம். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, ஆர்டர் வந்தா அதிரசம். பில்லு போடவும் ஸ்டாக் பாக்கவும் ஒரு சாஃப்ட்வேருக்கு வருஷ சந்தா கட்டுறோம். ஏப்ரல் 1ல சின்ன பிளான் எடுத்தோம், 7,300 ரூபா, ரெண்டு பேர் உள்ள போகலாம். தீபாவளி ஆர்டருக்கு அது பத்தலன்னு செப்டம்பர் 15ல பெரிய பிளானுக்கு மாறினோம், 18,250, அஞ்சு பேரு. வித்தியாசத்த கட்டினா போதும்னு போன்ல சொன்னாக, ஆனா 16,862 ரூபா போயிருச்சு. மக ஓடிபிய போட்டுட்டா, அப்பறந்தான் தொகையவே பாத்தோம். இப்ப நானும் மகளும் மட்டுந்தான் பாக்குறோம், சின்னதுக்கே திரும்பிருவோம்னா அடுத்த செப்டம்பர்லதான் முடியும்ங்கிறாக. மாசாமாசம் கட்டுறதும் இருக்காம், சின்னது 750, பெரிசு 1,900, அது கட்டுபடியாகாதுன்னு விட்டுட்டோம். எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி தனி. போன வாரம் ஒருத்தர் கூப்பிட்டு மூணு வருஷத்துக்கு மொத்தமா கட்டுனா 30 சதவீதம் கொறச்சுத் தர்றோம்ங்கிறார். மக, ஆட்டோபேய கட் பண்ணி விட்ருவோம்ங்கிறா. எனக்கு, சின்ன பிளானுக்குப் போனா பழைய பில்லெல்லாம் போயிருமோன்னு பயமா இருக்கு. என்ன செய்யலாம்?"

பதில்:

ஆச்சி, மொதல்ல அந்த 16,862அ பேசிருவோம். உங்க லெட்டர்ல அத ரெண்டு எடத்துல எழுதியிருந்தீங்க, மக மேல கோவப்பட்டதாவும் எழுதியிருந்தீங்க. மக மேல தப்பு இல்ல. கம்பெனி போட்ட கணக்கும் தப்பில்ல. ஆனா உங்களுக்கு போன்ல சொன்ன வார்த்தை இருக்குல்ல, "வித்தியாசத்த கட்டினா போதும்", அதுல பாதிய சொல்லாம விட்டுட்டாக.

சின்ன பிளான் 7,300ன்னா நாளுக்கு 20 ரூபா. பெரிய பிளான் 18,250ன்னா நாளுக்கு 50 ரூபா. நீங்க ஏப்ரல் 1ல இருந்து செப்டம்பர் 14 வரைக்கும் 167 நாள் ஓட்டிட்டீங்க, பாக்கி 198 நாள் இருந்துச்சு. நீங்க நெனச்சது என்ன, அந்த 198 நாளைக்கு மட்டும் நாளுக்கு 30 ரூபா கூட குடுக்கணும், அதாவது 5,940, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 7,009. ஞாயமான எதிர்பார்ப்புதான், நெறைய கம்பெனி இப்புடித்தான் பண்றாக, பழைய முடிவு தேதிய அப்புடியே வச்சுக்கிட்டு மிச்ச நாளுக்கு மட்டும் வித்தியாசம் வாங்குறது.

உங்க கம்பெனி வேற மாதிரி பண்ணியிருக்கு. மாறுன அன்னைக்கே புது வருஷம் ஆரம்பிச்சுட்டாக. பழைய பிளான்ல மிச்சம் இருந்த 198 நாளுக்கு 20 ரூபா வீதம் 3,960 கழிச்சுக்கிட்டு, முழு 18,250ல மிச்சம் 14,290, அதுக்கு ஜிஎஸ்டி 2,572, மொத்தம் 16,862. காசு சரியா வருது பாருங்க. அதாவது 7,009க்கு மேல போன 9,853 ரூபா எங்கயும் காணாமப் போகல, அடுத்த ஏப்ரல் 1ல இருந்து செப்டம்பர் 14 வரைக்கும் உள்ள 167 நாளைக்கு பெரிய பிளானுக்கு நீங்க முன்கூட்டியே கட்டுன பணம் அது. பிரச்சன என்னன்னா, அந்த 167 நாள்தான் உங்களுக்கு பெரிய பிளானே தேவப்படாத நாளு. சித்திர வெயில்ல அஞ்சு பேர் உக்காந்து பில்லு போடுற அளவுக்கு உங்களுக்கு ஆர்டர் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

அதுனால இந்தத் தொழில்ல இருக்கிற நான் எல்லாருக்கும் சொல்றது, பிளான் மாத்துறதுக்கு முன்னாடி வெலைய கேக்குறதுக்கு முன்ன தேதிய கேளுங்க. "மாறுனா என் முடிவு தேதி மாறுமா, அப்புடியே இருக்குமா"ன்னு ஒரே ஒரு கேள்வி. அத மெயில்ல கேட்டு மெயில்லயே பதில் வாங்கணும், போன்ல சொல்றது காத்தோட போயிரும்.

இப்ப எறங்குற விஷயம். அடுத்த செப்டம்பர்லதான் முடியும்னு அவுக சொல்றது உங்கள மட்டும் மடக்குறதுக்குன்னு நெனைக்காதீங்க, வருஷச் சந்தான்னாலே பெரும்பாலும் அப்புடித்தான். ஏறுறது எந்த நாளும் நடக்கும், எறங்குறது முடிவு தேதிலதான். கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல கூட வருஷ ஒப்பந்தம் போட்டா நடுவுல ஆள் சேத்துக்கலாம், கொறைக்கணும்னா புதுப்பிக்கிற நாள் வரணும், வேணும்போது கூட்டிக் கொறைக்கணும்னா அதுக்கு தனியா வேற பிளான். நம்ம ஊர் லேவாதேவில நடப்பு வட்டி தவணை வட்டின்னு ரெண்டு சொல்வாக, உங்க வீட்லயும் பெரியவுக வாயில கேட்டிருப்பீங்க. எங்க தாத்தா ஒரு செட்டியார் வீட்ல கணக்குப்பிள்ளையா இருந்தாக, எனக்கு அவுக சொல்லிக்குடுத்த மொத பாடமே இதுதான். நடப்புன்னா போடலாம் எடுக்கலாம், வட்டி விகிதம் மாசத்துக்கு மாசம் மாறும். தவணைன்னா இத்தன மாசம்னு பேசிப் போட்ட பணம், நடுவுல கை வைக்கக் கூடாது, அதுக்குப் பதிலா வட்டி கொஞ்சம் கூட. மாசப் பிளான் நடப்பு, வருஷப் பிளான் தவணை, அம்புட்டுதான். தவணைல போட்டுட்டு நடப்பு மாதிரி எடுக்க முடியாது. ஆனா எது தவணை எது நடப்புன்னு உங்ககிட்ட மொதல்லயே தெளிவா சொல்லியிருக்கணும், அத சொல்லாம வித்தது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல.

சரி, செப்டம்பர் 14 வரைக்கும் கட்டுன பணம் திரும்ப வராது. ஒரு தடவ மெயில் போட்டு, மீதி நாளுக்கு உள்ள தொகைய அடுத்த வருஷத்துல கழிச்சுக்குவீங்களான்னு கேளுங்க, கேக்குறதுல நட்டம் இல்ல, சில பேர் ஒத்துக்கிறாக. ஒத்துக்கலைன்னா விட்ருங்க. முக்கியமா, இப்ப கோவத்துல போயி அந்த "சின்ன பிளானுக்கு மாறு" பட்டன அமுக்கிறாதீங்க. சில சாஃப்ட்வேர்ல அமுக்குன ஒடனே வசதியெல்லாம் போயிரும், பணம் மட்டும் திரும்பாது. அந்த மாற்றம் முடிவு தேதிலதான் நடக்கும்னு எழுத்துல பதில் வராம தொடவே வேணாம்.

இதுல நீங்க கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. உங்க முடிவு தேதி இப்ப செப்டம்பர் 14க்கு வந்துருச்சு. செப்டம்பர் 15ல சின்ன பிளானுக்கு எறங்குனா, அடுத்த பத்துப் பதினஞ்சு நாள்ல தீபாவளி ஆர்டர் வர ஆரம்பிச்சுரும், திரும்ப மூணு பேர் கூட வேணும், திரும்ப பெரிய பிளானுக்கு ஏறுவீங்க, திரும்ப தேதி மாறும், திரும்ப ஜிஎஸ்டியோட பதிமூணாயிரத்துக்கு மேல போகும். அடுத்த பங்குனில இதே லெட்டர எனக்கு எழுதுவீங்க. அவுக எறங்கலாம்னு குடுத்த நாளு உங்களுக்கு எறங்குற நாளே இல்ல ஆச்சி, அது ஏறுற நாளு.

அதுனால என் யோசன, செப்டம்பர் 15ல வருஷப் பிளானையே விட்டுட்டு மாசப் பிளானுக்கு வாங்க. கட்டுபடியாகாதுன்னு எழுதியிருந்தீங்க, ஒரு மாசத்த மட்டும் பாத்தா அப்புடித்தான் தெரியும். பெரிசு வருஷத்துக்கு 18,250, மாசக்கணக்குல கட்டுனா 1,900 வீதம் பன்னெண்டு மாசத்துக்கு 22,800, ஆத்தாடி நாலாயிரத்து ஐநூறு கூடன்னு நெனச்சிருப்பீங்க. ஆனா நீங்க பன்னெண்டு மாசமும் பெரிசுல இருக்கப் போறதில்லையே. செப்டம்பர் 15ல இருந்து டிசம்பர் 14 வரைக்கும் மூணு மாசம் பெரிசு, 5,700. மிச்ச ஒம்பது மாசம் சின்னது 750 வீதம் 6,750. மொத்தம் 12,450. வருஷம் முழுக்க பெரிசுல கெடந்தா 18,250. அதாவது 5,800 ரூபா மிச்சம், ஜிஎஸ்டி சேக்காம. தீபாவளி அக்டோபர்லயே வந்துருச்சுன்னா நவம்பர் 15லயே எறங்கிருங்க, இன்னும் 1,150 மிச்சம். தை மாசம் யாராவது பெரிய எடத்து கல்யாணத்துக்கு ஆர்டர் குடுத்து ஆள் கூட வேணும்னா அந்த ஒரு மாசம் மட்டும் ஏறிட்டு எறங்குங்க, 1,150 கூட ஆகும், அந்த ஆர்டர் காசுலயே அது வந்துரும்.

டிசம்பர் நடுவுல எறங்குறதுல இன்னொரு வசதியும் இருக்கு, மார்கழி பொறக்குற நேரம், கல்யாணம் காச்சி கெடையாது, உங்களுக்கும் கை கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கும், கணக்க உக்காந்து சரிபாக்க நேரம் கெடைக்கும். இந்த மாதிரி மாத்துற வேலைய சீசன் நடுவுல வச்சுக்கவே கூடாது.

மாசப் பிளான்ல கஷ்டம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெலைய ஏத்துனா அடுத்த மாசமே உங்கள வந்து தொடும், வருஷப் பிளான்ல இருந்தா முடிவு தேதி வரைக்கும் பழைய வெல. அப்பறம் ஒரு மாசம் பணம் போகலைன்னா பூட்டிருவாக, தீபாவளிக்கு முந்துன வாரம் அது நடந்தா நெனச்சுப் பாருங்க. அதுனால அந்தக் கணக்குல எப்பவும் ரெண்டு மாசப் பணம் கெடக்கட்டும், கார்டு காலாவதியாகி புதுக் கார்டு வந்தா அன்னைக்கே மாத்திருங்க, பழைய கார்டுல குடுத்த அனுமதி புதுசுக்கு தானா வந்துரும்னு நம்பி இருக்காதீங்க.

இன்னொன்னு, மாசப் பிளான்னு எழுதியிருந்தாலும் உள்ள படிச்சுப் பாருங்க. "வருஷ ஒப்பந்தம், மாசாமாசம் கட்டலாம்"னு ஒரு வகை இருக்கு, பாக்க மாசப் பிளான் மாதிரியே இருக்கும், நடுவுல நிறுத்துனா மிச்ச மாசத்துக்கு அபராதம் கேப்பாக. அடோபி இப்புடி ஒரு பிளான் வச்சு, மிச்சத் தொகைல பாதிய நிறுத்தக் கட்டணமா வாங்குறத சரியா தெரியிற மாதிரி சொல்லலைன்னு 2024 ஜூன்ல அமெரிக்க அரசாங்கமே அது மேல வழக்குப் போட்டுச்சு. அம்புட்டுப் பெரிய கம்பெனி விஷயத்துலயே இந்தப் பேச்சு வருதுன்னா நம்ம படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

மூணு வருஷம், 30 சதவீதம். 18,250 மூணு வருஷத்துக்கு 54,750, அதுல 30 சதவீதம் போனா 38,325. நான் மேல சொன்ன மாதிரி மாசக் கணக்குல ஏறி எறங்கி ஓட்டுனா வருஷத்துக்கு 12,450, மூணு வருஷத்துக்கு 37,350. தள்ளுபடி போட்ட பெறகும் அதுதான் 975 ரூபா கூட, அதுவும் மொத்தப் பணத்தையும் இன்னைக்கே குடுத்துட்டு. ஜிஎஸ்டி சேத்து 45,223 ரூபா ஒரே தடவைல போகும், அந்தக் காசுக்கு நீங்க தீபாவளிக்கு எத்தன டின் எண்ணெய் வாங்கிப் போடலாம்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அந்தக் காலத்துல நம்ம ஊர் ஆளுக மூணு வருஷத்துக்கு சம்பளச்சீட்டு, அதாவது வேல ஒப்பந்தம், எழுதிக் குடுத்துட்டு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பாக்க, போவாக, மூணு வருஷம் முடிஞ்சாத்தான் ஊர். ஆனா அதுல ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டிருந்துச்சு, இவருக்கு வேல செய்யணும், அவுகளுக்கு சம்பளம் குடுக்கணும், சம்பளத்துல ஒரு பங்க முன்னாடியே குடுத்துத்தான் அனுப்புவாக. இங்க நீங்க மட்டுந்தான் கட்டுப்படுறீங்க. மூணு வருஷத்துல அந்தக் கம்பெனி இந்த சாஃப்ட்வேர நிறுத்துனாலோ, இன்னைக்கு இருக்கிற வசதிய எடுத்து அடுத்த பிளான்ல வச்சாலோ, உங்க பணத்துக்கு என்ன பதில்னு அந்த ஆள்கிட்ட கேட்டுப் பாருங்க. ஆள் எண்ணிக்க வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிற கடைக்கு நானே மூணு வருஷம் எடுக்கச் சொல்லியிருக்கேன், மருந்துக்கடை மாதிரி. சீசன் யாவாரத்துக்கு வேணாம்.

மக சொல்ற ஆட்டோபே விஷயத்துக்கு வர்றேன். ரிசர்வ் பேங்க் விதிப்படி கார்டுலயோ யுபிஐலயோ தானா எடுக்குற சந்தா எதுவா இருந்தாலும் எடுக்கிறதுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தகவல் வரணும், 2021 அக்டோபர்ல இருந்து இது நடைமுறைல இருக்கு. இந்த மாதிரி சந்தாவுக்கு ஒரு தடவைக்கு 15,000 ரூபாய்க்கு மேலன்னா நீங்க ஒவ்வொரு தடவையும் ஒப்புதல் குடுக்கணும். உங்க பெரிய பிளான் ஜிஎஸ்டியோட 21,535, அதுனால செப்டம்பர்ல அது உங்களக் கேக்காம சத்தமில்லாமப் போகாது, ஓடிபி வந்தா இந்தத் தடவ மொதல்ல தொகைய வாசிச்சுட்டு அப்பறம் போடச் சொல்லுங்க. ஆனா மாசப் பிளானுக்கு வந்தா 2,242, இல்ல 885, இதெல்லாம் ஓடிபி இல்லாமலேயே போகும், முந்துன நாள் வர்ற மெசேஜ் ஒன்னுதான் உங்களுக்கு மணி. அந்த நம்பர் உங்க கையில இருக்கிற போன்ல இருக்கணும், வெளிநாட்ல இருக்கிற மகன் பேர்ல இருக்கக் கூடாது. பேங்க்ல ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்த அனுமதின்னா கதை வேற, அதுக்கு ஓடிபியெல்லாம் கேக்காது, எது குடுத்திருக்கீங்கன்னு ஒரு தடவ பாஸ்புக்க எடுத்துக்கிட்டுப் போயி பேங்க்ல கேட்டுருங்க.

ஆட்டோபேய மட்டும் கட் பண்ணுறது சந்தாவ நிறுத்துன மாதிரி ஆகாது. நீங்க பணம் போற வழிய அடைக்கிறீங்க, அவுக ஏட்டுல உங்க பேர்ல பாக்கி நிக்கும், நாலு மெயில் வரும், அப்பறம் கணக்கப் பூட்டி வெறும்ன பாக்க மட்டும் விடுவாக, சில எடத்துல அதுவும் கெடையாது. வரிசை என்னன்னா மொதல்ல கம்பெனிகிட்ட மாத்தச் சொல்லுங்க, மாத்திட்டோம்னு மெயில் வரட்டும், அதுக்குப் பெறகு யுபிஐ ஆப்ல ஆட்டோபே பக்கத்துல போயி பழைய அனுமதிய ரத்து பண்ணுங்க. சில சமயம் பழசும் இருக்கும் புதுசும் இருக்கும், ரெண்டுலயும் பணம் போயிரும், அதையும் அங்கயே பாத்துக்கலாம்.

இப்ப உங்க பயம், பழைய பில்லு. இதுக்குத்தான் நான் நெறையா எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா காசு போனா சம்பாரிச்சுக்கலாம், கணக்கு போனா திரும்ப எழுத முடியாது.

பொதுவா சின்ன பிளானுக்கு எறங்குனா பில்ல அழிக்க மாட்டாக. ஆனா வேற வேற விஷயம் கழண்டு போகும், அது எதுன்னு பட்டன் பக்கத்துல எழுதியிருக்காது. ரெண்டு வருஷம் முன்னாடி தேவகோட்டைல ஒரு பாத்திரக்கடைக்கு நான்தான் உக்காந்து எறக்கி விட்டேன். அஞ்சு லாகின்ல மூண எடுத்தோம், வேலய விட்டுப் போன பையனோட லாகினும் அதுல ஒன்னு. பில்லெல்லாம் பத்திரமா இருந்துச்சு. ஆனா கடை மெயில்ல இருந்து பில்லு அனுப்புற இணைப்ப அந்தப் பையன் லாகின்லதான் போட்டு வச்சிருந்திருக்காக, அது எங்க யாருக்கும் தெரியாது. மூணு வாரம் ஒரு பில்லு கூட யாருக்கும் போகல, மொத்த வியாபாரி ஒருத்தர் பில்லு வரல பணம் தர மாட்டேன்னு சொன்ன பெறகுதான் கண்டுபிடிச்சோம். நான் மொதல்லயே ஒவ்வொரு லாகின்லயும் என்ன தொங்கிக்கிட்டிருக்குன்னு பாத்திருக்கணும், பாக்கல, இன்னைக்கும் எனக்கு அது மனசுக் கஷ்டந்தான். அதுனால நீங்க எறங்குறதுக்கு முன்னாடி மகள கூட வச்சுக்கிட்டு அஞ்சு லாகினையும் ஒவ்வொன்னாத் தெறந்து, மெயில் எதுல கட்டியிருக்கு, வாட்ஸ்ஆப் எதுல, பிரிண்டர் எதுல, கூரியர் எதுலன்னு ஒரு நோட்டுல எழுதி, எல்லாத்தையும் உங்க லாகினுக்கு மாத்திக்கங்க. மொதலாளி லாகின் உங்க பேர்லதானான்னும் பாருங்க, வச்சுக்குடுத்த ஆள் பேர்ல இருக்கிறத நான் பல எடத்துல பாத்திருக்கேன்.

பில் நம்பர் சங்கதி ஒன்னும் இருக்கு. சிங்கப்பூர் மலேசியாவுக்கு அனுப்புற பார்சலுக்கு தனி வரிசை நம்பர் வச்சிருந்தா சின்ன பிளான்ல ஒரே வரிசைதான் விடுவாக போல இருக்கும். பரவாயில்ல, அந்த வரிசைய அந்த நம்பரோட நிறுத்திட்டு மெயின் வரிசைல தொடரலாம், ஜிஎஸ்டிக்கு வேண்டியது ஒரு நிதியாண்டுல ஒரே நம்பர் ரெண்டு தடவ வரக் கூடாது, தொடர்ச்சியா இருக்கணும், 16 எழுத்துக்குள்ள இருக்கணும். ரிட்டர்ன்ல எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும்னு ரெண்டு வரிசையையும் காட்டச் சொல்லி ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

அப்பறம் நகல். ரங்கூன் கிட்டங்கில, அதாவது அங்க இருந்த தொழில் எடத்துல, எழுதுற கணக்குக்கு ஊருக்கு ஒரு நகல் வந்துக்கிட்டே இருக்கும்னு தாத்தா சொல்வாக. அங்க ஒரு பேரேடு, இங்க ஒரு பேரேடு, ரெண்டும் ஒத்து வந்தாத்தான் ஐந்தொகைய, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்க, மூடுவாக. உங்க கணக்கு முழுக்க இப்ப அந்தக் கம்பெனியோட கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருக்கு, ஊர்ல நகல் இல்ல. இது இந்த வருஷம் பிளான் மாத்துனாலும் மாத்தாட்டியும் செய்ய வேண்டிய வேல. நல்ல வேளையா மார்ச் கடைசில எழுதியிருக்கீங்க, மார்ச் 31 ராத்திரி கடைசி பில்லு போட்ட பெறகு உக்காருங்க. விற்பன, கொள்முதல், தினசரி சிட்டை, ஒவ்வொரு பார்ட்டியோட கணக்கு, யார் யார் எவ்வளவு பாக்கி, ஸ்டாக் லிஸ்ட், இது எல்லாத்தையும் எக்செல்லா எறக்குங்க, போட்ட பில்லு எல்லாத்தையும் பிடிஎஃப்பா எறக்குங்க. பெரிய பிளான்ல மொத்தமா எறக்குற வசதி இருக்கும், சின்னதுல ஒவ்வொரு பில்லா எறக்கச் சொல்லலாம், அதுனால காசு கட்டியிருக்கிற இந்த அஞ்சரை மாசத்துல அந்த வசதிய நல்லா பயன்படுத்திக்கங்க. ரெண்டு பென்டிரைவ்ல போட்டு ஒன்ன வீட்டு பீரோல, ஒன்ன ஆடிட்டர்கிட்ட குடுத்துருங்க. எறக்குனதோட விட்றாதீங்க, நெட் இல்லாத வேற ஒரு கம்ப்யூட்டர்ல தெறந்து பாக்கணும், சாஃப்ட்வேர் காட்டுற மொத்தப் பாக்கியும் எக்செல்ல கூட்டுனா வர்ற மொத்தப் பாக்கியும் ஒன்னா இருக்கணும், ஒரு ரூபா ஒதச்சாலும் ஏன்னு பாருங்க. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதில இருந்து 72 மாசம் கணக்க வச்சிருக்கணும், கேட்டா காட்ட வேண்டியது நீங்கதான், சாஃப்ட்வேர் கம்பெனி வந்து பதில் சொல்லாது.

ஜிஎஸ்டின்னதும் ஞாபகம் வருது, அந்த 16,862ல 2,572 ரூபா வரி, அந்த பில்லுல உங்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாருங்க. இருந்து, நீங்க காம்போசிஷன்ல (விற்பனைல ஒரு சின்ன சதவீதம் மட்டும் வரியா கட்டுற திட்டம்) இல்லாம இருந்தா, அத உள்ளீட்டு வரியா, அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கிற வரியா, எடுத்துக்கலாம், ஜிஎஸ்டி தளத்துல வர்ற டூ-பி ஸ்டேட்மென்ட்ல வந்திருக்கணும். இல்லைன்னா கம்பெனி பக்கத்துல உங்க விவரத்துல நம்பர ஏத்திட்டு பில்ல திருத்தித் தரச் சொல்லுங்க. இம்புட்டு வருஷமா சந்தா கட்டுறவுக நெறையப் பேர் இந்த நம்பர ஏத்தாமலே இருக்காக, கைல வர வேண்டிய காசு சும்மா போகுது.

கம்பெனிக்கு நீங்க போட வேண்டிய மெயில் நான் எழுதித் தர்றேன், இத அப்புடியே போடலாம்: "எங்க வருஷப் பிளான் செப்டம்பர் 14ல முடியிது. செப்டம்பர் 15ல இருந்து பெரிய பிளானை மாசக் கட்டணத்துல தொடர விரும்புறோம், வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டாம். டிசம்பர் 15ல மாசக் கட்டணத்துல சின்ன பிளானுக்கு மாறுவோம். இதுல எதுக்காவது தனிக் கட்டணம் உண்டா, எந்த மாசமும் நிறுத்தலாமா, சின்ன பிளானுக்கு மாறுனா எந்தெந்த வசதியும் எந்தெந்த பதிவும் எங்களுக்குக் கெடைக்காமப் போகும்ங்கிறத எழுத்துல தெரிவிக்கவும்." ஆகஸ்ட் கடைசிக்குள்ள போடுங்க, செப்டம்பர் 13ந் தேதி ராத்திரி போட்டா அவுக பாக்குறதுக்குள்ள புதுப்பிச்சு பில்லு வந்துரும்.

பதிலே வரலைன்னாலோ, நிறுத்த விடாம பக்கம் பக்கமா சுத்த விட்டாலோ, 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். சந்தாவ நிறுத்தவிடாம சிக்க வைக்கிறதையும் ஏமாத்து வேலைல ஒன்னுன்னு 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கு, மொத்தம் 13 வகை அதுல இருக்கு. யாவாரத்துக்கு வாங்குனது, நீங்க நுகர்வோர் இல்லைன்னு சொல்வாக. சொந்தமா தொழில் பண்ணி அதுலயே பொழைக்கிறவுக அதுக்காக வாங்குனது நுகர்வோர் கணக்குலதான் வரும்னு 2019 சட்டத்துலயே இருக்கு. நீங்களும் மகளும் அடுப்புல நின்னு பொழைக்கிற பொழப்பு அது, தயங்காம சொல்லுங்க.

கம்பெனிகிட்ட இருந்து பதில் வந்ததும் எனக்கு அனுப்பி வைங்க ஆச்சி, சின்ன எழுத்துல என்ன போட்டிருக்காகன்னு நானும் ஒரு தடவ வாசிச்சுச் சொல்றேன். அதுக்கு முன்ன மார்ச் 31 ராத்திரி வேல இருக்கு, மகளயும் கூட உக்கார வச்சுக்கங்க.